தமிழ் எழுத்து சிதைந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. 'தமிழ்' என்ற சொல், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் யுனிகோடு என்ற பொதுப் பட்டியலில் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து குறியெண்களின் வரிசையாகும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்கள் என்பதால், நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரிவது அங்கே ஐந்தாகிறது. இந்த எண்கள் வட்டுக்குப் போகும்போது யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக, அதாவது 0 முதல் 255 வரையான மூன்று சிறு எண்களாக, மாறுகின்றன. ஆகவே 'தமிழ்' 15 பைட் இடம் பிடிக்கிறது. திரும்பப் படிக்கும்போது பைட்டுகள் எண்களாகி, எழுத்துருவின் உதவியால் வடிவங்களாகத் திரையில் விழுகின்றன. எண்ணைப் பைட்டாக்கும் இடம், பைட்டை எண்ணாக்கும் இடம், எண்ணை வரையும் இடம் என்ற மூன்றில் எங்கே தவறு நடந்தது என்பதைத் திரையில் தெரியும் சிதைவின் தோற்றமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை, கோப்பைச் சேமிக்காமல் மூடுவதுதான். தவறாகத் திறக்கப்பட்ட கோப்பு இன்னும் கெடவில்லை. தவறாகத் திறந்து, அப்படியே சேமித்த கோப்புதான் கெடுகிறது. பிறகு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஹெக்ஸ் எடிட்டரிலோ, லினக்ஸ் என்றால் 'ஓடி' என்ற சிறு கட்டளையாலோ, உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்க்க வேண்டும். மூன்று பைட்டுக்கு ஒருமுறை 224 வந்து, அதையடுத்து 174 அல்லது 175 வந்தால் அது பழுதில்லாத யுடிஎஃப்-8 தமிழ். தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 2944 முதல் 3071 வரையான எண்கள் அனைத்தும் அந்த இரு தொடக்கங்களில் அடங்கிவிடுகின்றன. ஹெக்ஸ் எடிட்டர் பதினறும எண்களில் காட்டுவதால் 224 அங்கே 'ஈ0' என்றும், 174 'ஏஈ' என்றும், 175 'ஏஎஃப்' என்றும் தெரியும்.

எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள்

இது மிக எளிய பழுது. எண் சரியாக உள்ளது, அதற்குரிய வடிவம்தான் எழுத்துருவில் இல்லை. அந்தக் கட்டங்களை அப்படியே நகலெடுத்துக் கைப்பேசியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் தரவில் குறையில்லை. விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா எழுத்துருவையோ, கட்டணமில்லாத நோட்டோ தமிழ் எழுத்துருவையோ பயன்படுத்தினால் சிக்கல் தீரும். பழைய கணக்கேடுகளையும் நிலப் பதிவுகளையும் தட்டெழுதுபவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறியீடுகள் 2019-இல்தான் யுனிகோடில் சேர்ந்தன. ஆகவே மற்ற தமிழெழுத்தெல்லாம் ஒழுங்காகத் தெரியும் பழைய எழுத்துருவிலும் இவை கட்டங்களாகவே நிற்கும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள்

இதைக் கண்டால் முதலில் எண்ணிப் பாருங்கள். 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் இருந்தால், ஒரு மென்பொருள் யுனிகோடு எண்களைச் சரியாகவே புரிந்துகொண்டு, தமிழுக்கு இடமே இல்லாத பழைய குறியாக்கம் ஒன்றுக்கு மாற்ற முயன்று, இயலாமல் ஒவ்வோர் எண்ணுக்கும் 63 என்ற எண்ணை, அதாவது கேள்விக்குறியை, எழுதியிருக்கிறது. பதினைந்து இருந்தால் மாற்றம் பைட் அளவில் நடந்திருக்கிறது. இரண்டிலும் பைட்டுகளைப் பார்த்து 63 மட்டுமே இருப்பதை உறுதிசெய்துகொண்டால், அந்தக் கோப்பிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. எந்த எழுத்து எங்கே இருந்தது என்ற செய்தியே அழிந்துவிட்டது. காப்பு நகலைத் தேடுங்கள். மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதை அடைப்பதே மிச்சமிருக்கும் வேலை. அலுவலகங்களில் முதற்குற்றவாளி எக்செல். தமிழ்ப் பட்டியலைக் கமாவால் பிரித்த சாதாரண சிஎஸ்வி வடிவில் சேமித்தால், அது பேச்சில்லாமல் கேள்விக்குறிகளை எழுதிவிடுகிறது. சேமிக்கும் பெட்டியில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியே ஒரு வகை இருக்கிறது. அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் பட்டியலில் சில நூறு பெயர்களை இப்படி இழந்து, தாள் விண்ணப்பங்களிலிருந்து மறுபடி தட்டெழுதிய பிறகே இதை நான் கற்றுக்கொண்டேன்.

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் இதே நோய் வேறு வழியாக வருகிறது. நெடுவரிசையை யுனிகோடு வகையாகவே அமைத்திருந்தாலும், கட்டளையில் தமிழ்ச் சரத்தின் தொடக்க மேற்கோளுக்கு முன் 'என்' என்ற பெரிய ஆங்கில எழுத்தை விட்டுவிட்டால், சரம் நெடுவரிசையை அடையும் முன்பே தரவுத்தளத்தின் பழைய குறியாக்கத்துக்கு மாறிக் கேள்விக்குறியாகிவிடுகிறது.

மேற்கோடிட்ட ஆங்கில 'ஏ'யும் பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வருதல்

தலையில் சாய்கோடு கொண்ட சிறிய ஆங்கில 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' அடைத்த வணிகப் பதிவுக்குறி, பிறகு ஏதோ ஒரு சின்னம் என்று மும்மூன்றாக ஓடும் குப்பையைப் பார்க்காத தமிழ் இணையவாசி இருக்க மாட்டார். பார்க்க மோசமாக இருந்தாலும் இது நல்ல செய்தி. யுடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியலைக் கொண்டு படித்ததன் விளைவு இது. அப்பட்டியலில் 224 அந்த 'ஏ', 174 அந்தப் பதிவுக்குறி. ககரத்தின் மூன்றாம் பைட் 149, அது உருண்டைப் புள்ளி. தகரத்தின் மூன்றாம் பைட் 164, அது நாணயக் குறி.

கோப்பு இன்னும் சேமிக்கப்படவில்லை என்றால், படிக்கும் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றினாலே போதும். எக்செலில் சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், தரவுப் பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியைத் தேர்ந்து, கோப்பின் மூலம் என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யுடிஎஃப்-8 வரியைக் குறிக்க வேண்டும். கோப்பை உருவாக்குவது உங்கள் நிரல் என்றால், தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் அடையாளத்தை எழுதினால் எக்செல் தானாகவே புரிந்துகொள்ளும். ஆனால் அதே கோப்பை வேறொரு நிரல் படிக்கும்போது, அம்மூன்றும் முதல் நெடுவரிசைத் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, 'பெயர்' என்ற தலைப்பு கண்முன் இருந்தும் அதைக் காணோம் என்று பிழை சொல்ல வைக்கும்.

குப்பையைக் குப்பையாகவே யுடிஎஃப்-8-இல் சேமித்துவிட்டால் அது இரட்டைக் குறியாக்கம். 15 பைட் சொல் 30 பைட்டாக வீங்கியிருக்கும். வந்த வழியே திரும்புவதுதான் தீர்வு: குப்பையை விண்டோஸ்-1252 பைட்டுகளாக்கி, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்-8 எனப் படிக்க வேண்டும். நோட்பேட்++ மென்பொருளில், குறியாக்கப் பட்டியலில், அங்கே பொதுவாக விண்டோஸ்-1252-ஐக் குறிக்கும் 'ஆன்சி'யாக மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அடுத்து மாற்றாமல் யுடிஎஃப்-8 என வாசிக்க மட்டும் சொல்வது இதற்குச் சமம். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 2018-இல் வந்த 8.0 பதிப்புக்கு முன்வரை, விண்டோஸ்-1252 போன்ற லத்தீன்-1 குறியாக்கத்தையே இயல்பாக வைத்திருந்ததால், பழைய தரவுத்தளங்கள் பலவற்றில் தமிழ் இவ்வாறு ஒளிந்து கிடக்கிறது. பழைய நிரலில் ஒழுங்காகத் தெரிந்து, புதிய நிரலில் குப்பையாகத் தெரிந்தால் இதுவே காரணம். நெடுவரிசையை நேரடியாக யுனிகோடுக்கு மாற்றக் கூடாது, அது குப்பையை உறுதிப்படுத்திவிடும். முதலில் வெறும் பைட் வகைக்கு மாற்றி, அதன்பின் ஒரு குறியெண்ணுக்கு நான்கு பைட் வரை இடந்தரும் யுடிஎஃப்-8 வகைக்கு மாற்ற வேண்டும்.

இந்த மீட்பில் தமிழுக்கே உரிய ஓர் இடறல் உண்டு. விண்டோஸ்-1252 பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை. புள்ளியின் கடைசி பைட் 141. உகரக் குறியின் கடைசி பைட் 129. ஏ, ஐ இரண்டும் முறையே 143, 144-இல் முடிகின்றன. குப்பை உரை மின்னஞ்சலிலோ நகலெடுத்து ஒட்டுவதிலோ பயணிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இந்த எண்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. மீட்டபின் உரை முழுதும் தமிழாகத் திரும்பி, புள்ளி, உகரம், ஏ, ஐ இருந்த இடங்களில் மட்டும் ஒரே மாதிரிச் சிதைவுக்குறி நிற்கும். எது புள்ளி, எது உகரம் என்று கணினிக்குத் தெரியாது.

இங்கே கைகொடுப்பது பள்ளியில் படித்த இலக்கணம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலால் சொல்லின் கடைசியில் ட, ற ஆகியவற்றை அடுத்துச் சிதைவு இருந்தால் 'டு', 'று' எனக் கொள்ளலாம். க, ச, த, ப என்றால் அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார்க்க வேண்டும். அதே வல்லினம் தொடர்ந்தால் வலி மிகுந்த ஒற்றாக இருக்க வாய்ப்பு அதிகம், இல்லையெனில் குற்றியலுகரம். வகர மெய்யில் முடியும் சொற்கள் அவ், இவ், உவ், தெவ் என்ற நான்கே என்று இலக்கணம் வரையறுப்பதால், கடைசி வகரம் பெரும்பாலும் 'அறிவு', 'உணவு' போல 'வு'தான். ம, ன, ல, ள, ய, ண ஆகியவற்றின் பின் புள்ளியென்று வைத்துத் தவறுவது மிகக் குறைவு. 'ஊர்', 'ஒரு' இரண்டும் அன்றாடச் சொற்கள் என்பதால் ரகரத்தை மட்டும் ஆள் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். சொல்லின் இடையில் அதே மெய் இரட்டித்தால் புள்ளி என்று ஒரு விதி வைக்கலாம். 'அதுதான்' அதை உடனே பொய்யாக்கும். வல்லின மெய்யில் முடியும் 'டேவிட்' போன்ற பெயர்கள் முதல் விதியையும் அவ்வாறே பொய்யாக்கும். இவ்விதிகளை எழுதி ஓட்டிவிட்டு, மாற்றிய ஒவ்வோர் இடத்தையும் தனி நிறத்தில் காட்டச் செய்து ஒருவர் படித்துப் பார்ப்பதே நான் நம்பும் முறை.

கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி

வெறும் கேள்விக்குறியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. யுடிஎஃப்-8 என எதிர்பார்த்துப் படித்த இடத்தில் பொருந்தாத பைட் கிடைத்தது என்று படிக்கும் நிரல் வைக்கும் அடையாளம் இது. இதன் குறியெண் 65533. உரை முழுதும் இப்படி இருந்தால் கோப்பு வேறு குறியாக்கத்தில் உள்ளது. ஒவ்வொரு துண்டின் கடைசியில் மட்டும் ஒன்றோ இரண்டோ இருந்தால், யாரோ பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 20 என்று அளவிட்ட உரை நெடுவரிசை, இயல்பான அமைப்பில் 20 பைட்டையே குறிக்கிறது. அதில் ஆறு தமிழ்க் குறியெண்கள் போக இரண்டு பைட் மிஞ்சுகிறது. ஆரக்கிள் நேரடியாக மறுத்துவிடும் என்பதால், நிரலாளர் அதற்குமுன்பே 20 பைட்டில் வெட்டி அனுப்பும்போதுதான் ஏழாம் எழுத்து அரைகுறையாகிறது. அளவை எழுத்துக் கணக்கில் அறிவித்தால் தீரும்.

ஒரு கோப்பின் பைட்டுகளுக்குள்ளேயே 239, 191, 189 என்ற மூன்றும் கிடைத்தால், அந்தச் சாய்சதுரம் ஏற்கெனவே சேமிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அவ்விடத்து எழுத்து போனது போனதுதான்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு பக்கம்

ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்து கிடந்தால் அது 'தமிழ்'. பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட ஆவணத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருக்கிறீர்கள். இங்கே குறியாக்கம் கெடவில்லை. கணினியைப் பொறுத்தவரை அது தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம்தான், வடிவம் மட்டும் தமிழாக வரையப்பட்டது. இலங்கையிலும் தமிழகத்து அச்சகங்களிலும் இத்தகைய கோப்புகள் இன்னும் ஏராளம். அரைப்புள்ளிகள் மிகுந்திருப்பதே பாமினியை அடையாளம் காட்டும், ஏனெனில் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி அதுவே. மாறாக முக்கால் பின்னம், மேற்கோடிட்ட பெரிய 'ஏ', சென்ட் குறி, மேற்கோடிட்ட 'யூ' என்று தெரிந்தால் அதுவும் 'தமிழ்' தான், ஆனால் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில். 1999-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த டாப், டாம் குறியாக்கங்களுக்கும் இதுபோலத் தனித் தோற்றம் உண்டு.

மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆவணம் முழுவதையும் அவற்றில் கொட்டாதீர்கள். இடையே உண்மையான ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் முகவரியும் தமிழ்க் குப்பையாகிவிடும். எந்தப் பகுதிக்கு எந்த எழுத்துரு என்பது வேர்டு கோப்பில் பதிந்திருக்கும், அதைப் பார்த்துத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்ற வேண்டும்.

புள்ளியிட்ட வட்டத்தின்மேல் கொம்பு

மெய்யைத் தேடி அலையும் உயிர்க்குறிக்கு இடம்பிடித்து வைக்கும் வட்டம் அது. யுனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரமாகவும் பிறகு எகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவது வரையும் இயந்திரத்தின் வேலை. திஸ்கி, பாமினி போன்றவை கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பை முன்னால் வைத்துச் சேமித்தன. ஆகவே அரைகுறை மாற்றி ஒன்றின் வழியாக வந்த உரையில் கொம்பு முந்திக்கொண்டு நிற்கும். கொம்பையும் அடுத்த மெய்யையும் இடம் மாற்றினால் சரியாகும், ஆனால் கொம்புக்கு முன்னால் மெய்யில்லாத இடங்களில் தொடங்கிச் சொல்லை இடமிருந்து வலமாகப் பார்த்தே மாற்ற வேண்டும். ஏற்கெனவே சரியாக உள்ள 'கெட' என்ற சொல்லில் கண்மூடித்தனமாக மாற்றினால் 'கடெ' கிடைக்கும்.

இதன் உறவினர் ஔகாரச் சிக்கல். 'கௌரவம்' என்பதைப் பலர் எகரக் குறியும் ளகரமும் சேர்த்துத் தட்டெழுதிவிடுகிறார்கள், திரையில் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வந்தாலே ஔகாரமாக்கும் நிரலை எழுதினால் முதலில் மாட்டுவது கெளுத்தி மீன். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அதைத் தொடாமல் விட வேண்டும்.

கண்முன் இருக்கும் சொல் தேடலில் கிடைக்காமை

ஒரே தோற்றத்துக்கு இரண்டு எண் வரிசைகள் இருக்கலாம். ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாகவும் எழுதலாம்; 3014, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். யுனிகோடு இரண்டையும் சமமென்று விதித்திருந்தாலும், பைட் பார்த்து ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்ததால், அங்கிருந்து வந்த 'கொடி' என்ற கோப்பு விண்டோஸில் தேடினால் அகப்படாது. உள்ளே வரும் உரையையும் தேடும் சொல்லையும் ஒருங்கே என்எஃப்சி என்ற சேர்த்த வடிவுக்கு இயல்பாக்குவதே மருந்து.

அந்த மருந்து எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தோடும் எழுதலாம், 2005-இல் யுனிகோடில் சேர்ந்த 'ஶ'கரத்தோடும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் வரைகின்றன. யுனிகோடு இவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்றையும், எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழையும், துணைக்காலுக்குப் பதில் ரகரத்தையும் தட்டியவர்களும் உண்டு. இவற்றுக்கு நீங்களே ஓர் ஒப்புமைப் பட்டியல் தயாரித்துத் தேடலில் மட்டும் பயன்படுத்துங்கள், மூலத்தைத் திருத்தாதீர்கள்.

நீளமும் முதலெழுத்தும் வரிசையும் தவறுதல்

எக்செலில் முதல் எழுத்தை எடுக்கும் வாய்ப்பாட்டை 'முருகன்' மேல் ஏவினால் 'மு' வராது, 'ம' மட்டும் வரும். அது குறியெண்ணை எடுக்கிறதே தவிர எழுத்தை அல்ல. தலைப்பெழுத்துகளைத் தானாக உருவாக்கும் படிவங்களில் சு. என்பவர் ச. ஆவது இதனால்தான். முதல் குறியெண்ணுக்குப் பின் வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்று பார்த்து, ஆமெனில் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸ் வட்டுக்கு நகலெடுக்கும்போது நீண்ட தமிழ்க் கோப்புப் பெயர்கள் மட்டும் மறுக்கப்பட்டால், அங்குள்ள வரம்பு 255 பைட் என்பதை நினைவுகொள்ளுங்கள். தமிழில் அது 85 குறியெண்கள், கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டு போக அதனினும் குறைவு. விண்டோஸோ பைட்டை எண்ணாமல் 255 குறியெண் அளவுக்கு இடந்தருகிறது. குறுஞ்செய்திக்கும் இதே கணக்குத்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் செய்தி, ஒரு தமிழெழுத்து நுழைந்ததும் 70 ஆகச் சுருங்கும், அதில் 'தமிழ்' ஐந்தைத் தின்னும்.

அகரவரிசை குழம்பி, 'அழகு' முன்னும் 'அவை' பின்னும் வந்தால் தரவில் பழுதில்லை. யுனிகோடு எண்கள் பிற இந்திய எழுத்துகளோடு இணைத்து அடுக்கப்பட்டவை. ஆதலால் ழகரம் வகரத்துக்கு முன்னும், னகரம் நகரத்தை ஒட்டியும் நிற்கின்றன. எண் வரிசையை நம்பாமல், தரவுத்தளத்திலோ நிரல்மொழியிலோ தமிழுக்குரிய வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் வகரம் முந்தி, ழகரம் அடுத்து, னகரம் கடைசிக்குப் போய்விடும்.